நீலகிரியில் எகிறும் செல்போன் பில்: எந்த வரி தவறு, யாரிடம் கேட்பது

மாதம் ஐந்நூறு சொச்சம் வந்துகொண்டிருந்த போஸ்ட்பெய்டு பில் ஒரு மாதம் நாலாயிரம் என்று வந்து நிற்கும்போது, பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. ஊட்டி சேரிங் கிராஸுக்கோ குன்னூர் பேருந்து நிலையம் பக்கமோ போய், சிம் வாங்கிய கடைக்காரரிடம் சண்டை போடுவார்கள். இல்லையென்றால், நம்பர் கட்டாகிவிடுமே என்று பயந்து முழுத் தொகையையும் கட்டிவிட்டு, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விடுவார்கள். கடைக்காரர் பெரும்பாலும் கமிஷனுக்கு சிம் விற்பவர். அவர் முன்னால் போட்ட சண்டை எந்தக் கணினியிலும் புகாராகப் பதிவாவதில்லை. கட்டிவிட்ட பணத்தை "பிறகு" கேட்பதும் நடப்பதில்லை. இரண்டு மாதம் போனால் எந்த வரிக்காக அந்தத் தொகை ஏறியது என்பதே மறந்துபோகிறது.

"பில் அதிகமாக வந்திருக்கிறது" என்று சொன்னால் வாடிக்கையாளர் சேவை மையம் "நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்கள் சார்" என்று முடித்துவிடும். "இந்தத் தேதியில், இந்த வரியில், இந்தத் தொகை, இந்தக் காரணத்தால் தவறு" என்று கேட்டால் அவர்களால் அப்படி முடிக்க முடியாது. ஆகவே முதல் வேலை, எந்த வரி என்று கண்டுபிடிப்பது.

பில்லைப் பிரித்துப் பார்ப்பது

எஸ்எம்எஸ்ஸில் வருவது மொத்தத் தொகை மட்டும். நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ போய் விரிவான பில்லை இறக்கிக்கொள்ளுங்கள். கூடவே முந்தைய மூன்று மாதப் பில்களையும் எடுத்து, நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாத வாடகை, முந்தைய பாக்கி, பிளானுக்கு வெளியே போன பயன்பாடு, மதிப்புக்கூட்டுச் சேவைகள், தாமதக் கட்டணம், கடைசியில் 18 சதவீத ஜிஎஸ்டி. இந்த வரிகளில் ஏதோ ஒன்றுதான் வீங்கியிருக்கும். மற்றவை போன மாதம் போலவே இருக்கும்.

புதிதாக எடுத்த இணைப்பாக இருந்தால், வீங்கியது பெரும்பாலும் முதல் பில்லாகத்தான் இருக்கும். அதில் பல நேரம் தவறே இருக்காது. வாடகையை முன்கூட்டியே வாங்கும் நிறுவனங்களின் முதல் பில்லில் கடந்த சில நாள்களுக்கான பகுதி வாடகையும் வரும் மாதத்தின் முழு வாடகையும் சேர்ந்து வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளான் 449 ரூபாய், பில் தேதி ஒவ்வொரு மாதமும் 1. 30 நாள் கொண்ட மாதத்தில் 18ஆம் தேதி இணைப்பு கிடைத்தால் 13 நாளுக்கு ரூ. 194.57. அதோடு அடுத்த மாத 449. இரண்டும் சேர்ந்து 643.57, ஜிஎஸ்டி 115.84, மொத்தம் ரூ. 759.41. 449க்குப் பேசிய இணைப்புக்கு 759 என்றதும் கோபம் வருவது இயல்புதான், ஆனால் கணக்கு சரி. மாதத்தின் நடுவில் பிளானை மாற்றினாலும் இதே பகுதிக் கணக்குதான். எஸ்டேட் அல்லது கம்பெனி மூலம் எடுத்த குழு இணைப்பில் இருந்தவர் வேலையை விட்டதும், நம்பர் சாதாரணப் பிளானுக்கு மாறி வாடகை ஏறுவதும் உண்டு. இவற்றை முதலில் கழித்துவிட்டால், உண்மையான தகராறு எது என்று தெரியும்.

மலையில் டேட்டா எப்படிக் கரைகிறது

நீலகிரியில் மழைக்காலம் என்றால் கரண்ட் போகும் காலம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மரம் விழுந்து கம்பி அறுந்தால் மணிக்கணக்கில் மின்சாரம் இருக்காது. வீட்டு வைஃபை ரூட்டர் அணைந்ததும் போன் ஒன்றும் சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். புகைப்படங்கள் கூகுளில் ஏறுவது, செயலிகள் புதுப்பித்துக்கொள்வது, பிள்ளைகள் தூங்கிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ, எல்லாம் இப்போது சிம் கணக்கில். வைஃபை இருந்தும் பலவீனமாக இருந்தால் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதி ஐபோனிலும் உண்டு, பல ஆண்ட்ராய்டு போன்களிலும் உண்டு. தடித்த கருங்கல் சுவர் வைத்த பழைய பங்களாக்களில் ரூட்டர் ஒரு அறையில், போன் இன்னொரு அறையில் இருக்கும். அங்கே இந்த வசதியை அணைத்துவைப்பது நல்லது.

சீசனில் இன்னொரு சிக்கல். காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் சிலர் போஸ்ட்பெய்டு சிம் போட்ட சிறிய ரூட்டரை விருந்தினருக்குத் திறந்துவிடுகிறார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அறை நிரம்பியிருக்கும்போது பத்து போன்கள் ஒரே சிம்மில் தொங்கும். டேட்டா வரம்பு முதல் வாரத்திலேயே முடிந்துவிடும்.

வரம்பு முடிந்த பிறகு என்ன நடக்கும் என்பது பிளானைப் பொறுத்தது. சில பிளான்களில் வேகம் மட்டும் குறையும், காசு ஏறாது. சிலவற்றில் ஒவ்வொரு ஜிபிக்கும் எம்பிக்கும் தனிக் கட்டணம். உங்கள் பிளான் முதல் வகை என்று எழுத்தில் இருந்தும் டேட்டாவுக்குக் கூடுதல் தொகை போட்டிருந்தால், அதுவே நேரடியான தவறு. பிளானின் விவரத்தாளையும் பில் வரியையும் சேர்த்து அனுப்பினால் போதும். இரண்டாவது வகை என்றால், எச்சரிக்கை வந்ததா என்று பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, டேட்டா வரம்பில் 50, 90, 100 சதவீதத்தைத் தொடும்போது நிறுவனம் தகவல் அனுப்ப வேண்டும். பில் கட்டும்முன் எவ்வளவு தொகை வரை பயன்படுத்தலாம் என்பதுதான் போஸ்ட்பெய்டு கடன் வரம்பு; அதில் 80 சதவீதத்தை எட்டும்போது எச்சரிக்க வேண்டும் என்று 2005லேயே டிராய் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கடன் வரம்பு 2,000 ரூபாயாக இருந்து, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் பில் 6,000 வந்திருந்தால், அந்த இடைவெளிதான் உங்கள் புகாரின் முதுகெலும்பு. எஸ்எம்எஸ் பெட்டியை அழித்துவிடாதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போன் இருந்தால் எச்சரிக்கை தாமதமாகத்தான் வந்து விழும், அதையும் தேதி நேரத்தோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாதத்தை மட்டும் வைக்க வேண்டாம். "ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டா ஓடியதாகப் போட்டிருக்கிறது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன்" என்பது பலரும் முதலில் சொல்வது, முதலில் தோற்பதும் அதுவே. போன் தூங்குவதில்லை. பில்லில் காணும் நேரமும் இணைப்பு தொடங்கிய நேரமாக இருக்கலாம், அது மணிக்கணக்கில் நீண்டிருக்கலாம். அதற்குப் பதிலாக போனின் சொந்தக் கணக்கை எடுங்கள். ஆண்ட்ராய்டில் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் சுழற்சித் தேதியை உங்கள் பில் தேதியோடு பொருத்தினால், அதே 30 நாளுக்கு எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று காட்டும். ஐபோனில் கணக்கு தானாகச் சுழியாகாது, ஒவ்வொரு பில் தேதியிலும் கையால் மீட்டமைக்க வேண்டும். போன் 18 ஜிபி என்கிறது, பில் 61 ஜிபி என்கிறது என்றால் அது கேட்கத் தகுந்த கேள்வி. ஒன்றிரண்டு ஜிபி வித்தியாசம் எல்லாப் போன்களிலும் இருக்கும், அதை வைத்துப் போராடிப் பயனில்லை. டேட்டாவே வேண்டாம் என்றால் 1925 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தோ எஸ்எம்எஸ் அனுப்பியோ அதை நிறுத்திவிடலாம்.

இலங்கை அழைப்பு

இந்த மாவட்டத்தில் உள்நாட்டு அழைப்பால் ஏறும் பில்லைவிட, கடல் கடந்த அழைப்பால் ஏறும் பில்லே கனமாக இருக்கும். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் நீலகிரிக்கு வந்தன. அவர்களின் மறுவாழ்வுக்கென்றே 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கி, அது 1976இல் டேன்டீ என்னும் கழகமானது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி பக்கத்து லைன் வீடுகளில் இன்றும் இலங்கையின் அட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் உறவு உள்ளவர்கள் இருக்கிறார்கள். கல்யாணம், காரியம் என்றால் போன்தான்.

"அன்லிமிடெட்" என்ற சொல் உள்ளூர், எஸ்டிடி அழைப்புகளுக்கு மட்டும். 94 என்று தொடங்கும் இலங்கை எண் அதில் சேராது. அது ஐஎஸ்டி, நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம். பெரும்பாலானோர் வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தோட்டத்துச் சரிவில் டேட்டா இழுக்காமல் வாட்ஸ்அப் அழைப்பு அறுந்துவிடும். வயதானவர் அதே பெயரை மறுபடி தொடுவார், இந்த முறை போனின் சாதாரண அழைப்புப் பொத்தான் விழும். குரல் நன்றாகக் கேட்கும், பேச்சு நீளும். அழைப்பு ஐஎஸ்டியில் போகிறது என்று திரையில் யாரும் எச்சரிப்பதில்லை.

கட்டணத்தை எண்ணும் முறையும் முக்கியம். 60 நொடிக்கு ஒரு அலகு என்றால், 11 நிமிடம் 20 நொடிப் பேச்சு 12 நிமிடமாகும். நிமிடம் 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 144, ஜிஎஸ்டியோடு ரூ. 169.92. சிக்னல் அறுந்து அறுந்து அதே பேச்சு நான்கு துண்டாகப் போனால், ஒவ்வொரு துண்டும் மேல்நோக்கி முழு நிமிடமாகும். பர்லியார் வளைவுகளிலோ கல்லட்டி மலைப்பாதையிலோ வண்டியில் போகும்போது பேசினால் இது தவறாமல் நடக்கும். அறுந்த அழைப்புக்கு ஈடு கேட்க முடியுமா? நாளுக்கு மூன்று வரை, ஒவ்வொரு அறுந்த அழைப்புக்கும் ஒரு ரூபாய் தர வேண்டும் என்று டிராய் 2015இல் விதி போட்டது. 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே அறுந்த அழைப்பைக் காட்டி உரிமையாகக் கேட்க முடியாது. ஒரே எண்ணுக்கு அடுத்தடுத்து முழு நிமிடங்கள் ஏறியிருந்தால் சலுகையாகக் கழிக்கச் சொல்லலாம், சில நேரம் கழிப்பார்கள்.

ஐஎஸ்டி பேக் போட்டிருந்தும் முழுக் கட்டணம் வந்திருக்கிறதா? மூன்றைப் பாருங்கள். பேக் செயலுக்கு வந்த எஸ்எம்எஸ்ஸின் நேரம் அழைப்புக்கு முன்னா பின்னா. பேக்கின் பட்டியலில் இலங்கை இருக்கிறதா. பேக் எந்த நாள், எந்த மணியோடு முடிந்தது. செயலுக்கு வந்த எஸ்எம்எஸ் கையில் இருந்து, அதற்குப் பிந்தைய அழைப்புக்கு முழுக் கட்டணம் போட்டிருந்தால் அந்தத் தொகையைத் தயங்காமல் கேட்கலாம்.

இலங்கையில் யாரும் இல்லாத வீட்டுக்கும் தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே மணியில் மிஸ்டு கால் வரும். திருப்பிக் கூப்பிட வைத்து, அந்த அழைப்பின் கட்டணத்தில் பங்கு எடுப்பதற்கான மோசடி அது. உள்நாட்டு நம்பர் 91இல் தொடங்கும். வேறு எதில் தொடங்கினாலும் திருப்பிக் கூப்பிட வேண்டாம். வெளிநாட்டு உறவே இல்லையென்றால் ஐஎஸ்டியை முடக்கிவைக்கச் சொல்லலாம். பெற்றோரின் போனில் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம்பரை உயிரோடு வைத்துக்கொள்ள ஊர் சிம்மையும் கொண்டுபோவார்கள். ரோமிங் டேட்டா அணைக்காமல் விமானம் இறங்கினால், வாட்ஸ்அப்பில் குவிந்த படங்கள் இறங்கும் சில நிமிடத்தில் கட்டணம் ஏறிவிடும். வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்கு இங்கே வந்து சேரத் தாமதமாகும். அதனால் ஊருக்குத் திரும்பி அடுத்த மாதம் வரும் பில்லில் பழைய தேதிக் கட்டணம் இருக்கும். அது இரட்டைக் கணக்கா, தாமதக் கணக்கா என்று தேதியை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

கேரளா டவர் பிடித்ததால் வந்த பில்லா?

பந்தலூர், சேரம்பாடி, எருமாடு பக்கம் பில் எகிறினால் முதலில் குற்றம் சாட்டப்படுவது வயநாட்டு டவர். மசினகுடிப் பக்கம் கர்நாடகா டவர். வீட்டு வாசலில் தமிழ்நாடு, கொல்லைப்புறத்தில் கேரளா என்று நெட்வொர்க் மாறுவது உண்மை. கேரளா, கர்நாடகா, தமிழ்நாடு மூன்றும் தொலைத்தொடர்பில் தனித்தனி வட்டங்கள் என்பதும் உண்மை. ஒரு காலத்தில் இது பெரிய செலவாகவும் இருந்தது. 2015 மே 1 முதல் டிராய் குறைத்து நிர்ணயித்த உச்சவரம்பின்படியே, ரோமிங்கில் உள்வரும் அழைப்புக்கு நிமிடம் 45 பைசா, வெளியே போகும் உள்ளூர் அழைப்புக்கு 80 பைசா, எஸ்டிடிக்கு ரூ. 1.15 வரை வாங்கலாம்.

இன்று விற்கும் பிளான்களில் பெரும்பாலானவற்றில் உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆகவே டவரைக் காட்டி எழுதும் புகார் பெரும்பாலும் வீண். பில்லில் "ரோமிங்" என்ற தலைப்பின் கீழ் தொகை சுழியா இல்லையா என்று பாருங்கள். சுழி என்றால் வேறு வரியைத் தேடுங்கள். பல வருடமாக மாற்றாத பழைய பிளான், சொந்த வட்டத்துக்குள் மட்டும் செல்லும் பேக், இந்த இரண்டில்தான் எல்லை டவர் இன்னும் கணக்கில் வரும். அப்படி இருந்தால் போனில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றிப் பார்க்கலாம். சொந்த வட்டத்தின் சிக்னல் எட்டாத மூலைகளில் போன் வேலை செய்யாது என்பதால், பிளானை மாற்றுவதே நிம்மதி.

கேட்காத சேவை, வாங்காத இணைப்பு

காலர் டியூன், ஜோசியம், கிரிக்கெட் செய்தி என்று 30, 49, 99 ரூபாய் வரிகள் வந்திருந்தால் சிறிய தொகை என்று விடாதீர்கள், அவை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். 2013 ஜூலை 10 தேதியிட்ட டிராய் உத்தரவின்படி, இப்படிப்பட்ட சேவைக்கு வாடிக்கையாளரின் சம்மதத்தை இரண்டு முறை பெற வேண்டும். 155223 என்ற இலவச எண்ணில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். செயலுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் சொன்னால் பிடித்த பணத்தைத் திருப்ப வேண்டும். நாள் கடந்திருந்தாலும் "இரண்டாவது சம்மதத்தின் பதிவைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பதிவு இல்லாவிட்டால் தொகையை வைத்துக்கொள்ள அவர்களுக்குக் காரணம் இல்லை.

குழந்தைகள் விளையாட்டில் வாங்கும் பொருள்கள் கூகுள் ப்ளே வழியாக நேரே போன் பில்லில் ஏறுவதும் உண்டு. அதைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை, 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திருப்பக் கோர வேண்டும்.

உங்களுடையதே அல்லாத நம்பருக்குப் பாக்கி கேட்டு ஆள் வந்தால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். தெரியாத நம்பரை "என்னுடையது அல்ல" என்று அங்கேயே குறிக்கலாம். ஆதார் நகலை யார் யாரிடமோ கொடுத்து சிம் வாங்கித் தரச் சொன்ன வீடுகளில் இது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ப்ரீபெய்டுக்காரர்களுக்கு பில் வராது, இருப்பு மட்டும் காணாமல் போகும். கடந்த ஆறு மாதத்துக்குள் உள்ள பயன்பாட்டை வரி வரியாகத் தரச் சொல்லிக் கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு. அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, 30 நாளுக்குள் தர வேண்டும்.

புகாரை நடத்திச் செல்லும் வழி

அந்த நிறுவனத்தின் சிம்மிலிருந்து 198க்கு அழையுங்கள். புகாருக்கென்றே உள்ள இலவச எண் அது. 121 போன்ற எண்கள் தகவலுக்கானவை, அங்கே பேசியது புகாராகப் பதிவாகாமலே போகலாம். தமிழ்த் தேர்வு இருக்கும். புகார் பதிவானதும் ஒரு புகார் எண் சொல்லி, எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்ப வேண்டும். 2012இன் தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு விதிமுறைகளின் முதல் படி அதுதான். புகார் எண் இல்லையென்றால் நீங்கள் புகார் செய்யவே இல்லை என்றுதான் அர்த்தம். எண் தராமல் பேச்சை முடிக்க விடாதீர்கள்.

அதே நாள், அதே விஷயத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நீளமாக எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"எனது எண் … , பில் எண் … , பில் காலம் … முதல் … வரை. முந்தைய மூன்று பில்கள் ரூ. 530, 548, 530. இந்த பில் ரூ. 4,216. வேறுபாடு முழுவதும் ஐஎஸ்டி வரியில் உள்ளது. 14ஆம் தேதி மாலை 6.10க்கு ஐஎஸ்டி பேக் செயலுக்கு வந்ததாக உங்கள் எஸ்எம்எஸ் இணைத்துள்ளேன். 14ஆம் தேதி இரவு 8 மணி முதல் 19ஆம் தேதி வரையிலான 9 அழைப்புகளுக்கு பேக் கட்டணம் போடாமல் முழுக் கட்டணம் போடப்பட்டுள்ளது. அந்தத் தொகையையும் அதன் ஜிஎஸ்டியையும் கழித்துத் திருத்திய பில் தரவும். தகராறில் இல்லாத தொகையைக் கட்டியுள்ளேன், ரசீது இணைப்பில். புகார் முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கவோ தாமதக் கட்டணம் சேர்க்கவோ வேண்டாம். புகார் எண் … ."

தகராறில் இல்லாத பகுதியைக் கட்டுவது முக்கியம். ஒன்றுமே கட்டாதவர், பணம் இல்லாததால் புகார் செய்கிறார் என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறார். கணக்கு தானாகப் பிடிக்கும்படி அட்டையிலோ யுபிஐயிலோ கட்டளை கொடுத்திருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வரும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்ததும் வங்கி வழியாக அந்த ஒரு பிடிப்பை நிறுத்திவிடலாம். நிறுத்தாவிட்டால் நாலாயிரமும் போன பிறகு திருப்பிக் கேட்கிற நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

கோபத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறக் கிளம்புவதும் உதவாது. கெடு தேதி கடந்த பாக்கி இருந்தால் எண் மாற்றக் கோரிக்கை நிராகரிக்கப்படும். அதற்கும் முன்பே மாறிவிட்டால் பழைய நிறுவனத்தின் பாக்கியைக் காட்டிப் புதிய இணைப்பே துண்டிக்கப்படலாம்.

பில் புகாரை நான்கு வாரத்துக்குள் தீர்ப்பதே டிராயின் அளவுகோல். ஆறு வாரம் தாண்டி இழுக்க இடமே இல்லை. பதிலே வரவில்லை, அல்லது "பயன்படுத்தியிருக்கிறீர்கள்" என்று ஒரு வரிப் பதில் வந்தது என்றால், அடுத்தது அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வட்டத்துக்கும் இப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும். மின்னஞ்சலும் முகவரியும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும், தமிழ்நாடு வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கெடு முடிந்ததிலிருந்தோ பதில் வந்ததிலிருந்தோ 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் இந்தப் படிக்கு வருவதே இல்லை. 198இல் கிடைத்த மறுப்பையே கடைசி வார்த்தை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டாவது முறையாக வேறு கண்கள் கோப்பைப் பார்ப்பது இங்கேதான். முதல் பதிலில் அவர்கள் தொடாத கேள்வி எது என்று சுட்டிக்காட்டி எழுதுங்கள்.

"பழைய பதிவு இல்லை" என்று சொன்னால் நம்ப வேண்டாம். உரிம நிபந்தனைப்படி அழைப்புப் பதிவுகளை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். பிஎஸ்என்எல் வாடிக்கையாளருக்கு இன்னொரு வழியும் உண்டு. அது பொதுத்துறை நிறுவனம் என்பதால், உங்கள் கணக்கு சார்ந்த விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம்.

டிராய்க்கு நேரே எழுதுவது பலரின் முதல் யோசனை. டிராய் விதி போடும் அமைப்பு, தனிப்பட்டவரின் புகாரைத் தீர்த்துவைப்பது அதன் வேலை இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே பேசலாம், அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கப் பார்ப்பார்கள். மேல்முறையீடும் பலிக்காதபோது தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர்ப்புப் பிரிவுக்கு 1063 வழியாகவோ மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்திலோ எழுதலாம்.

ஊட்டியில் இருக்கும் ஆணையம்

கடைசி வழி நுகர்வோர் குறைதீர் ஆணையம். இதைப் பற்றி ஒரு பழைய தவறான நம்பிக்கை இன்னும் உலவுகிறது. தொலைபேசி பில் தகராறு நுகர்வோர் மன்றத்துக்குப் போகாது, டெலிகிராப் சட்டத்தின் 7பி பிரிவின் கீழ் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வைத்து நிறுவனங்கள் பல வருடம் தப்பித்தன. 2022 பிப்ரவரி 16 அன்று அதே உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அந்த வழக்கே ஒரு செல்போன் பில்லில் பிறந்தது. மாதம் சராசரி 555 ரூபாய் கட்டிவந்த அகமதாபாத்துக்காரர் ஒருவருக்கு, 2013 நவம்பர்-டிசம்பர் பில் ரூ. 24,609.51 வந்தது. அவர் மாவட்ட மன்றத்துக்குப் போனார், மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. டெலிகிராப் சட்டத்தில் நடுவர் முறை இருந்தாலும் நுகர்வோர் மன்றத்தை நாடும் உரிமை போகாது என்பதே தீர்ப்பு. நிறுவனத்தின் பதிலில் 7பி என்ற எழுத்தைப் பார்த்தால் பயப்பட வேண்டாம்.

2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நீலகிரிக்காரருக்கு உதகமண்டலத்தில் இருக்கும் மாவட்ட ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பதை நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணைய வழியாகவே தாக்கல் செய்யலாம். பட்டியல் பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டால் வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தருவார்கள்.

பழைய பாக்கி என்று சொல்லி நிறுவனத்தின் பெயரில் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) அழைப்பு வந்தால், அது சம்மன் என்று பயந்து கேட்டதைக் கட்டிவிட வேண்டாம். அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் தீர்வு. உங்கள் புகார் எண்ணையும் மின்னஞ்சல்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு மேல்முறையீடு இல்லை என்பதால், தொகையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

மலையில் நெட்வொர்க்கே இல்லாத நாள்களுக்கும் வாடகை போடுகிறார்களே என்ற கேள்வி வேறு. டிராயின் 2024 சேவைத்தர விதிகளின்படி, ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் பெரிய அளவில் சேவை நின்றால், போஸ்ட்பெய்டுக்கு அந்த நாள்களின் வாடகையைக் கழிக்க வேண்டும், ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி கூட்ட வேண்டும். ஆனால் இயற்கைப் பேரிடரால் நின்றதற்கு விலக்கு உண்டு. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியதே, அதுபோன்ற மழையில் சேவை நின்றால் இந்த விதியை வைத்துக் கேட்க முடியாது. மழை இல்லாத மாதத்தில் இரண்டு நாள் டவர் செத்துக் கிடந்தால் கேட்கலாம். அக்கம்பக்கத்தில் அதே நிறுவனத்தின் நம்பர் வைத்திருப்பவர்களும் தனித்தனியாக 198இல் பதிந்திருந்தால், "உங்கள் போனில் கோளாறு" என்ற பதில் நிற்காது.

புகார் உங்கள் பக்கம் முடிந்தால், ஒரு வாரத்துக்குள் தொகை கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். அடுத்த பில்லைத் திறந்து அதைச் சரிபாருங்கள். பல நேரம் கட்டணத்தை மட்டும் கழித்துவிட்டு அதன் வரியை விட்டுவிடுவார்கள். 1,200 ரூபாய் தவறாகப் போட்டிருந்தால், ஜிஎஸ்டி 216 சேர்த்து 1,416 திரும்ப வர வேண்டும். இடையில் போட்ட தாமதக் கட்டணமும் அதோடு போக வேண்டும். குறைவாக வந்திருந்தால் பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் 198.